வெளிச்சம் படாத நான்கு அங்குலம்

இந்தக் கேள்வியை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும், தம்பி. "பை வாலைப் பிழிஞ்சீங்களா, வெட்டிப் போட்டீங்களா?" நோயாளிக்கு ரத்தம் வாங்க வருகிறவர் யாரும் தானாக இப்படிக் கேட்கமாட்டார். என்ன வகை, எத்தனை பை, எப்போது கிடைக்கும். இந்த மூன்றைத் தாண்டி இந்தச் சன்னலில் கேள்வி கிடையாது. முப்பத்தொரு வருடமாக இதற்குப் பின்னால் இருக்கிறேன். எதிரே பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில், குடையை மடக்காமல் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாளே, அவள்தானே? சொல்லவேண்டாம். உங்கள் முகமே சொல்லிவிட்டது.

உள்ளே வாருங்கள். வெளியே நின்றால் சாரல் அடிக்கும். அந்த நாற்காலியில் உட்காருங்கள், இதில் ஒரு கால் சரியில்லை. நீங்கள் வரும்போது வாசலில் தட்டோடு போன சிஸ்டரை இடிக்கப் பார்த்தீர்களே, அவசரம் வேண்டாம், தம்பி. இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. சீட்டைக் கொடுங்கள்.

கோமதி. வயது இருபத்துமூன்று. பெண்கள் வார்டு, இரண்டாம் மாடி. தட்டணுக்கள், இரண்டு பை. தங்கையா? புற்றுநோய் மருந்து ஏற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. வெள்ளணுக்கள் இல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். "இல்லவே இல்லை" என்று எழுதவில்லை, ஓர் எண்ணை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு அர்த்தம் அதுதான். வீட்டுக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. பயப்படாதீர்கள். அதற்காகத்தானே இந்த இயந்திரம்.

எல்லாரும் பிளேட்லெட் என்பார்கள். நான் தட்டணு என்பேன். நான் பேசுவது புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று இங்கே கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ரத்த வங்கி என்கிற பெயரே எனக்கு உடன்பாடில்லை. வங்கி என்றால் போட்டவர் எடுக்கவேண்டும். இங்கே போட்டவர் எடுப்பதில்லை, எடுப்பவர் போட்டதே இல்லை. இதை நான் நிர்வாகத்துக்கு எழுதிக்கூடக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

அதோ, அந்த வெள்ளைப் பெட்டிதான். வீட்டில் துணி துவைக்கிற மெஷின் அளவுதான் இருக்கும். தென்காசி வட்டாரத்தில் இது ஒன்றுதான். உங்கள் பை உள்ளே இருக்கிறது. இன்னும் கால் மணி நேரம். அதற்குள் அவள் சொன்னதை மறந்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

ஒருவர் கொடுத்த ரத்தத்தில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று நாம் சோதிப்போம். ஆனால் நமக்குப் பெயர் தெரிந்த கிருமியைத்தானே சோதிக்கமுடியும்? பெயர் தெரியாதது உள்ளே இருந்தால்? ஊசி குத்தும்போது தோலில் இருந்த ஏதோ ஒன்று கூடவே போயிருந்தால்? அதற்குத்தான் இது. பைக்குள் ஒரு மஞ்சள் திரவத்தைச் சேர்ப்போம். ரைபோஃப்ளேவின். பெரிய பெயர், சின்னச் சரக்கு. சத்து மாத்திரை விழுங்கினால் மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அந்த மஞ்சள்தான். சும்மா இருந்தால் அது சாதுவான வைட்டமின். புற ஊதா வெளிச்சம் பட்டால் எழுந்துவிடும்.

கிருமியின் வயிற்றுக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னைப்போல் இன்னொன்றைச் செய்வது எப்படி என்று எழுதிய புத்தகம். மஞ்சள் போய் அதன் பக்கங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் பட்டதும் பக்கங்களைக் கிழித்துவிடும். அதன் பிறகு கிருமிக்கு வாசிக்கமுடியாது. வாசிக்கமுடியாவிட்டால் பெருகமுடியாது. தட்டணுவுக்கு அந்தப் புத்தகமே கிடையாது. அதனால் பிழைத்துக்கொள்ளும். எழுத்தறியாத காரணத்தால் உயிர் தப்பிய கூட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை. இசக்கிச்செல்வி சிரிப்பாள். முதல் மாதம் சிரித்தாள்.

அவள் பெயர் அதுதான், இசக்கிச்செல்வி. குடைக்காரி. அவள் பெயர் சொல்லவில்லையா? போன வருடம் சாரல் தொடங்கிய வாரம் இயந்திரமும் அவளும் ஒன்றாக வந்தார்கள். அவள் சென்னையில் இரண்டு வாரம் இதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவள். இயந்திரத்தோடு சேர்த்துக் கொடுத்த உதிரிப்பாகம் என்று நான் அவளைச் சொல்வேன். "போங்க சார்" என்பாள். நல்ல கை. ஊசி போட்டால் கொடையாளிக்குத் தெரியாது. அதை நான் மறுக்கமாட்டேன். அவள் குறை கையில் இல்லை, வாயில்.

பிரச்சினை என்னவென்று சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பையின் தலையில் ஒரு குழாய் இருக்கும், பேனா ரீஃபில் பருமனில். ரத்தம் உள்ளே போன வழி அது. வேலை முடிந்ததும் அதைச் சூட்டில் நசுக்கி ஒட்டி அடைப்போம். ஒட்டிய இடத்துக்கும் பைக்கும் நடுவே மிஞ்சுகிறதே, அதுதான் வால். நான் நான்கு அங்குலம் விடுவேன். அந்த நான்கு அங்குலத்துக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். பத்துச் சொட்டு, பன்னிரண்டு சொட்டு. இரண்டு சின்ன உருளை வைத்த இடுக்கி இருக்கிறது, இதோ, இதுதான். இதை வாலில் கொடுத்து உருட்டினால் அந்தச் சொட்டெல்லாம் பைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு பைக்கும் இதைச் செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். இப்போதுகூடப் பாருங்கள், சும்மா இருக்கிற கை இடுக்கியை உருட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

ஏன் செய்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களாவது கேளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் செங்கோட்டையில் ஒரு முகாம். ஒரு பையன் கொடுத்துவிட்டு எழுந்தான். நான் குழாயை வெட்டி வாளியில் போட்டேன், உள்ளே ரத்தத்தோடு. அவனுடைய தாய் பக்கத்தில் நின்றிருந்தாள். என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "எலேய், எம்புள்ள ரத்தத்தையாலே குப்பையில போடுத? நாலு வருசம் கூழு ஊத்தி ஏத்துன ரத்தம்லே அது!" நூறு பேர் பார்த்தார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன். என் கையால் ஒரு சொட்டுக்கூடக் குப்பைக்குப் போகக்கூடாது. இன்றுவரை போகவில்லை. எத்தனை பேரால் இப்படிச் சொல்லமுடியும்?

இப்போது இந்த இயந்திரம். உள்ளே ஒரு தட்டு. மேலே விளக்கு, கீழே விளக்கு. பை தட்டில் படுத்துக்கொண்டு ஆடும். வால் அதில் அடங்காது. மூடிக்கு வெளியே தொங்கும். விளக்கு அணைந்ததும் பையை எடுப்பேன், வாலை உருட்டுவேன், சொட்டு உள்ளே போகும், பையைச் சேமிப்பில் வைப்பேன். இதில் என்ன தவறு?

முதல் வாரமே அவள் பார்த்துவிட்டாள்.

"சார், என்ன செய்யுதீங்க?"

"சேர்க்கிறேன், அம்மா. வீணாகாமல்."

"அது மூடிக்கு வெளிய கெடந்ததுல்லா. அதுல வெளிச்சமே படலியே சார்."

"பத்துச் சொட்டு."

"ஒரு சொட்டு போதும் சார். இத நாம ஃப்ரிட்ஜ்லயா வைக்கோம்? வெளிய வச்சு, அஞ்சு நாளு ஆட்டிக்கிட்டே இருக்கோம். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும்..."

"எனக்கு வாய்ப்பாடு தெரியும்."

"உறை ஊத்துத மாதிரி சார். ஒரு பானைப் பாலுக்கு எத்தன கரண்டி மோரு வேணும்?"

"தயிர் உடம்புக்கு நல்லது" என்றேன்.

அன்றைக்கும் அவள் சிரித்தாள். ஆனால் அது வேறு சிரிப்பு.

அவள் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. எல்லாத் தவறான கருத்திலும் தர்க்கம் இருக்கும். அதனால்தான் அவை பரவுகின்றன. அதே பை, அதே மனிதர், அதே ரத்தம். தொண்ணூற்றொன்பது பங்கு சுத்தமாகிவிட்டது. மீதி ஒரு பங்கு அசுத்தமாகவா இருக்கும்? கம்பெனி கொடுத்த ஆங்கிலக் கையேட்டிலும் அவள் சொன்னதுதான் இருக்கிறது என்று பக்கத்தை விரித்துக் காட்டினாள். வாலைப் பையை ஒட்டி அடைத்து, வெட்டி எறிந்துவிட்டுத்தான் தட்டில் வைக்கவேண்டுமாம். கம்பெனிக்காரனுக்கு என்ன? அவன் செங்கோட்டைக்கு வந்தவனா? அவன் சட்டையை யாராவது பிடித்தார்களா?

அந்தக் கையேடு நாற்பது பக்கம். இங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புரியவேண்டுமே என்று நான்தான் அதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு பிழை கிடையாது. அதோ, உங்கள் தலைக்கு மேலே சுவரில், பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருக்கிறதே. எட்டாவது வரியை வாசியுங்கள். உரக்க வாசிக்கலாம். "ஒளியூட்டிய பின் வாலில் தங்கியதை உருட்டிப் பைக்குள் சேர்க்கவும்." கம்பெனிக் கையேட்டில் அந்த இடத்தில் ஒரு வெட்டியெறிதல் இருந்தது. நான் அதைச் செம்மைப்படுத்தினேன். மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல் வைப்பது அல்லவே.

அவள் அந்த வரிக்கு மேல் பேனாவால் ஒரு கோடு போட்டாள். நான் துடைத்தேன். மறுநாளும் போட்டாள். அதற்குத்தான் பிளாஸ்டிக் உறை.

ஆடி முதல் வாரம் கடையநல்லூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மர அறுவை மில்லில் வேலை, ஐயாத்துரை என்று பெயர், டெங்கு. நான்கு நாள் ஆன பை ஒன்று இருந்தது. கொடுத்தேன். பை ஏறி முடிந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குக் குளிர்நடுக்கம். கட்டிலே ஆடியதாம். மூன்றாம் நாள் போய்விட்டார். பாவம். டெங்குவில் போகிறவர்கள் உண்டு. சாரல் காலத்தில் இந்த ஊரில் யார்தான் நடுங்கவில்லை, சொல்லுங்கள்? நீங்கள் இப்போது நடுங்குகிறீர்கள். உங்களுக்கு நான் என்ன ஏற்றினேன்?

அவருக்கு நடுக்கம் வந்த நிமிடம் இசக்கிச்செல்வி இரண்டு மாடி இறங்கி ஓடிவந்தாள். கையில் ஒன்றுமில்லை. "சார், அந்தப் பை எங்க? காலிப் பை. வார்டுல இல்ல. அத கல்ச்சருக்கு அனுப்பணும் சார், என்ன வளருதுன்னு பாக்கணும்."

வேலை முடிந்த பையை வார்டில் கிடக்கவிடுவது அசிங்கம். நான் அப்போதே ஆள் அனுப்பி எடுத்துவரச் சொல்லி, நீராவியில் வேகவைத்து, கட்டி வைத்துவிட்டேன். சுத்தம் என்றால் எனக்கு உயிர். சொன்னேன். அவள் அப்படியே நின்றாள். இந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்குத்தான் இதன் கால் போனது என்று நினைக்கிறேன்.

"அஞ்சு நிமிசம் பொறுத்திருக்கலாம்லா சார்" என்றாள்.

பத்து நாள் கழித்துச் சுரண்டையிலிருந்து ஒரு கர்ப்பிணி. அவளுக்கும் நடுக்கம். ஆனால் பிழைத்துக்கொண்டாள். பிழைத்தவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இசக்கிச்செல்விகூடத் தன் கடிதத்தில் அவளுக்கு மூன்றே வரிதான் கொடுத்திருந்தாள்.

ஆமாம், கடிதம். டாக்டர் சையதலிக்கு. இந்தப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. எழுதியதை என் மேசையில் வைத்து, "ஒங்களுக்குத் தெரியாம அனுப்பக்கூடாதுன்னுதான் சார் குடுக்கேன்" என்றாள். நாகரிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்று பக்கம். பதினேழு பிழை. சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். செய்திக்குள் நான் போகவில்லை, மொழியை மட்டும்தான் திருத்தினேன். அவள் அந்தச் சிவப்போடு அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்துவிட்டாள். புதிதாக எழுதிக் கொடுத்திருக்கலாம்.

நான் பதினான்கு பக்கம் பதில் எழுதினேன். கம்பெனியிலிருந்து பொறியாளர் வந்தார். விளக்குகளை அளந்தார். ஒரு குறையும் இல்லை. இயந்திரத்தின் பதிவை எடுத்தார். ஒவ்வொரு பைக்கும் முழு அளவு வெளிச்சம், ஒன்றுவிடாமல். "பெர்ஃபெக்ட் சார், இப்படிப் பராமரிச்சு நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று என் கையைக் குலுக்கினார். வாலைப் பற்றி அவர் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு வால் கிடையாதே.

டாக்டர்தான் கேட்டார். "லிங்கம், இந்த வால் விசயம் என்ன?" என் பெயர் குற்றாலலிங்கம், அவர் சுருக்கித்தான் கூப்பிடுவார். நான் சுவரில் இருந்த எட்டாவது வரியைக் காட்டினேன். "எழுதியிருக்கிறபடி செய்கிறேன், டாக்டர்."

"எழுதுனது யாரு?"

"எழுதியது நான். ஒப்புதல் நீங்கள்." இரண்டாம் பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. பச்சை மை. நூறு தாளோடு தாளாகக் கொடுத்திருந்தேன், போட்டிருந்தார்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, நடைமுறை எழுதியபடி நடந்திருக்கிறது" என்று கோப்பை மூடினார். இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுமா? அடுத்த மாதம் இசக்கிச்செல்வியின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் கைப்பிரதியோ, அது நன்றாக இருக்கிறதென்று நிர்வாகம் நகலெடுத்து, இதே இயந்திரம் வாங்கிய நான்கு ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறது. நான்கு சுவரில் என் தமிழ். ஆசிரியர் பெயர் போடவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

போகிற அன்று அவள் இங்கே வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒங்க வீட்டுல யாருக்காச்சும் பிளேட்லெட் வேணும்னா, வாலைப் பிழிஞ்ச பையக் குடுப்பீங்களா?"

"என் வீட்டில் நான் மட்டும்தான்" என்றேன். "எனக்கு ஓ பாசிட்டிவ்."

இதில் அழ என்ன இருக்கிறது? அழுதாள். அதிலிருந்து எதிரே இருக்கிற பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். மதிய இடைவேளையில் டீக்கடைக்கு வந்து நின்றுகொண்டு, சீட்டோடு வருகிற ஆட்களைப் பிடித்து, வாலைப் பற்றிக் கேட்கச் சொல்லி அனுப்புகிறாள். இந்தச் சாரலில் நீங்கள் ஏழாவது ஆள். ஆறு பேருக்கும் இதே கதையைச் சொன்னேன். இரண்டு பேர் பையை வாங்காமலே திருநெல்வேலிக்கு ஓடினார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வடிகிற நோயாளியைக் கட்டிலில் போட்டுவிட்டு! அந்தப் பாவம் யாரைச் சேரும்? கேளுங்கள் அவளிடம்.

கேட்கிறதா, மணி அடிக்கிறது. முடிந்துவிட்டது.

பாருங்கள், என்ன அழகு. எலுமிச்சை ரசம் மாதிரி. இன்னொரு வேடிக்கை காட்டுகிறேன். பையைச் சன்னல் பக்கம் தூக்கி மெல்ல அசைத்தால், உள்ளே பட்டுச்சேலையைத் திருப்பின மாதிரி ஒரு மினுமினுப்பு ஓடும். தெரிகிறதா? சுழல் என்போம். தட்டணு நலமாக இருந்தால் அப்படி ஓடும். ஓடவில்லை என்றால் பையில் வேறு ஏதோ வளர்கிறது என்று இசக்கிச்செல்வி சொல்வாள். அவள் ஒவ்வொரு பையையும் இப்படித் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள், வளையல்காரி முன்னால் உட்கார்ந்த மாதிரி. இதில் நன்றாக ஓடுகிறது. இன்றைக்குச் செய்ததல்லவா. சரி, இனி வாலை...

என்ன, தம்பி? கையை விடுங்கள்.

கையை விடுங்கள் என்கிறேன். வலிக்கிறது. என் வயதென்ன, உங்கள் வயதென்ன. பை கீழே விழுந்தால் யாருக்கு நட்டம்?

வெட்டவேண்டுமா. உருட்டக்கூடாதா. இவ்வளவு சொன்ன பிறகுமா? இருங்கள், அழாதீர்கள். ஆண்பிள்ளை அழுதால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது. உட்காருங்கள். அந்தக் கால் போன நாற்காலி வேண்டாம், இதில்.

சரி. உங்கள் திருப்திக்காக. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. பாருங்கள், பையை ஒட்டி அடைக்கிறேன். சூடு வைத்தாயிற்று. வெட்டுகிறேன். வாலைப் பாருங்கள், பன்னிரண்டு சொட்டு இருக்கும். குப்பையில் போடுகிறேன். போட்டாயிற்று. யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை. திருப்தியா?

கும்பிடவேண்டாம். எனக்குக் கும்பிடு பிடிக்காது. கையெழுத்துப் போடுங்கள், இந்த வரியில், தெளிவாக. இது இரண்டாவது பை. இதற்கு மேல் வரியிலும் ஒன்று போடுங்கள், அது முதல் பைக்கு.

எந்த முதல் பையா? சீட்டில் இரண்டு என்றுதானே இருக்கிறது. நீங்கள் கொண்டுவந்த சீட்டுதான். முதல் பை நீங்கள் வருவதற்கு முன்னாலேயே மேலே போய்விட்டதே. வாசலில் இடிக்கப் பார்த்தீர்களே, அந்தச் சிஸ்டர் தட்டில் எடுத்துப்போனது வேறென்ன? ஈறில் ரத்தம் நிற்கவில்லை, சீட்டு பின்னாலேயே வருகிறது என்று போன் செய்தார்கள். சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதே இல்லை. இருபத்துமூன்று வயதுப் பெண் என்றார்கள். மனம் கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். நீங்கள் எனக்கு நன்றி சொல்வீர்கள் என்று நினைத்தேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? அதுவும் நல்ல பைதான். முழு வெளிச்சம் வாங்கிய பை. ஐந்தாம் நாள், இன்றோடு காலாவதி. பழையதுதான் முதலில் போகவேண்டும், அது விதி. நாளைக்கு வைத்திருந்தால் முழுப் பையும் வீண். சுழலா? பார்த்தேன். பார்க்காமல் கொடுப்பேனா? சன்னலில் தூக்கித்தான் பார்த்தேன். அதில் ஓடவில்லை. அப்போது மேகம் மூடியிருந்தது, தம்பி. இந்த ஊர்ச் சாரலில் சன்னலுக்கு என்ன வெளிச்சம் வரும்? பிறகு பாருங்கள், இதைப் பார்க்கும்போது கொஞ்சம் வெயில்...

இருங்கள், போன்.

ஆமாம், லிங்கம்தான் பேசுகிறேன். சொல்லுங்கள், சிஸ்டர். ம். எப்போதிலிருந்து? ம். கட்டிலா? போர்வை போர்த்துங்கள். சன்னலைச் சாத்துங்கள், சாரல் அடிக்கிறதல்லவா. பை எவ்வளவு ஏறியிருக்கிறது?

தம்பி! ஓடாதீர்கள், படியெல்லாம் ஈரம்! இந்தப் பையை விட்டுவிட்டுப் போகிறீர்களே! தம்பி!

ஒன்றுமில்லை, சிஸ்டர், இங்கே ஒருவர். அவளுடைய அண்ணன்தான், மேலே வருகிறார், கொஞ்சம் பதற்றக்காரர். சொல்லுங்கள். முக்கால் பையா? அப்படியென்றால் இன்னும் கால் பை இருக்கிறதே. நிறுத்தவேண்டாம், சிஸ்டர். வீணாக்காமல் முழுவதையும் ஏற்றிவிடுங்கள்.